வழித்துணைக்கு ஒரு கூண்டு

மகாபாரதத்தின் கடைசிப் பர்வங்களுள் ஒன்றாகிய மகாபிரஸ்தானிக பர்வத்தில், உடன்பிறந்தாரையும் மனைவியையும் ஒருவர் பின் ஒருவராக வழியிலேயே இழந்து தனியே நடந்துகொண்டிருந்த தருமபுத்திரனை ஏற்றிச் செல்லத் தேருடன் வந்து நின்ற இந்திரன், கூடவே வந்த நாயை விட்டுவிட்டு ஏறுமாறு சொன்னதையும், நம்பி வந்த ஜீவனைக் கைவிட்டு ஏறவேண்டிய தேர் தனக்கு வேண்டாம் என்று தருமன் மறுத்ததையும் நம் நாட்டில் அறியாதார் இல்லை. வாகனத்தில் நாய்க்கு இடம் உண்டா என்ற கேள்விக்கு, இக்காலத்துக் குடும்பங்களில் பல தருமனுடைய பக்கத்தில் நின்றே விடை கூறிவிட்டன. குலதெய்வத்தின் கோயிலுக்குப் போகும்போதும், கோடைக்கு மலை ஏறும்போதும், உத்தியோக மாற்றத்தால் ஊரைவிட்டு ஊர் பெயரும்போதும், வீட்டு நாயையும் காரில் ஏற்றிக்கொள்வது இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்த நாய்க்கு வாகனத்தினுள் எந்த இடத்தை, எந்த விதத்தில் அமைத்துக் கொடுப்பது என்ற அடுத்த கேள்வியை நம்மில் மிகச் சிலரே எண்ணிப் பார்க்கிறோம்.

பின் இருக்கையில் நின்றபடி, திறந்த ஜன்னல் வழியே தலையை நீட்டி, காதுகள் காற்றில் பறக்கச் செல்லும் நாயைப் பார்க்கிறவர்களுக்கு உவகை உண்டாவது இயல்பே. அந்த நாய்க்கும் அது ஆனந்தமாகவே இருக்கலாம். எனினும் அந்த ஆனந்தம் முழுவதும், வழியில் ஒன்றும் நேராது என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. மனிதர்களாகிய நமக்குச் சீட் பெல்ட்டும், குழந்தைகளுக்குத் தனி இருக்கையும் அவசியம் என்று ஏற்றுக்கொண்ட பிறகு, அபாயம் இன்னதென்று அறியும் ஆற்றலே இல்லாத ஒரு பிராணியை மட்டும் எவ்விதக் காப்பும் இல்லாமல் ஏற்றிச் செல்வது நியாயமாகாது. அதற்குரிய காப்புகளுள் மேலானது பிரயாணக் கூண்டு. அதை வாங்குவதில் கவனிக்க வேண்டியவை யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிற காரினுள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கார் எதன்மீதேனும் மோதிச் சட்டென்று நின்றால், காரோடு பிணைக்கப்படாத பொருள் அதனுடன் நிற்பதில்லை. முன் இருக்கையின் முதுகோ, முன் கண்ணாடியோ, முன்னால் அமர்ந்திருப்பவருடைய தலையோ குறுக்கிட்டுத் தடுக்கும் வரையில் அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. இந்த வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமமாகும். காரின் முன்பகுதி நசுங்கி அரை மீட்டர் தூரத்துக்குள் வேகம் அடங்குகிறது என்று வைத்துக் கணக்கிட்டால், 20 கிலோ எடையுள்ள நாய் ஒன்றைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 400 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டியிருக்கிறது. 5 கிலோ எடையே உள்ள பொமரேனியனுக்குக்கூட 100 கிலோவுக்கு ஈடான விசை தேவை. ஆகவே, மடியில் வைத்து இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருக்கிறோம் என்ற தைரியம், எவ்வளவு பலசாலியானவருக்கும் அந்தக் கணத்தில் உதவாது.

விபத்து என்ற அளவுக்குப் போக வேண்டியதும் இல்லை. குறுக்கே ஓடிய ஆட்டுக்காகவோ சைக்கிளுக்காகவோ பிரேக்கை அழுத்தும்போது, பின் இருக்கையில் நின்றிருக்கும் நாய் உருண்டு இருக்கைகளுக்கு நடுவே விழுந்து காலை முறித்துக்கொள்ளக்கூடும். லாரியின் ஹாரன் சத்தத்துக்கு மிரண்டு ஓட்டுநரின் மடிமீது தாவக்கூடும். அவருடைய காலடியில் புகுந்து பிரேக்கை மிதிக்க இயலாமல் செய்துவிடவும் கூடும். விபத்து நேர்ந்த பின்னரோ மற்றோர் அபாயம் காத்திருக்கிறது. உடைந்த கண்ணாடி வழியாகவோ திறந்த கதவு வழியாகவோ வெளியே ஓடும் நாய், பீதியில் நெடுஞ்சாலையின் நடுவே பாய்ந்து வேறு வண்டியில் அகப்படுகிறது. ஓடாத நாயோ, காயமுற்ற எஜமானரை நெருங்கவிடாமல், உதவிக்கு வந்தவர்களையே கடிக்க முற்படுகிறது. கூண்டிலிருக்கும் நாய்க்கும், அதன் அருகே வருகிற மனிதருக்கும், இவ்விரு கஷ்டங்களும் இல்லை.

மாற்று வழிகள்

நாயைக் காரில் கட்டுப்படுத்தி வைக்க மூன்று முறைகள் வழக்கத்தில் உள்ளன. மார்பிலும் முதுகிலும் சுற்றிக் கட்டிச் சீட் பெல்ட்டுடன் இணைக்கும் வார்க்கச்சை ஒன்று, பின் இருக்கைக்கும் சாமான் வைக்கும் பகுதிக்கும் இடையே பொருத்தும் கம்பித் தடுப்பு மற்றொன்று, கூண்டு மூன்றாவது. கம்பித் தடுப்பு, நாய் முன்னே வருவதைத் தடுத்து மனிதர்களைக் காக்கிறதேயன்றி, தடுப்புக்குப் பின்னால் நாய் தூக்கி எறியப்படுவதைத் தடுப்பதில்லை. வார்க்கச்சையோ, நன்கு செய்யப்பட்டிருந்தால் பயன்படும். ஆனால் நன்கு செய்யப்பட்டது எது என்று கடையில் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது.

அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டு தோன்றிய 'சென்டர் ஃபார் பெட் சேஃப்டி' என்னும் லாபநோக்கற்ற நிறுவனம், அவ்வாண்டிலேயே சில வார்க்கச்சைகளை மோதல் பரிசோதனைக்கு உட்படுத்தியபோது, எடுத்துக்கொண்டவற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. 2013-ல் சுபாரு கார் நிறுவனத்தின் பொருளுதவியோடு விரிவான முறையில் மறுபடியும் பரிசோதித்தார்கள். உயிருள்ள நாய் எதையும் துன்புறுத்தாமல், ஏறத்தாழ 11, 20, 34 கிலோ எடைகளில் நாயைப் போலவே செய்த பொம்மைகளைக் கட்டி, மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துக்குரிய மோதலை உண்டாக்கிப் பார்த்ததில், ஒரே ஒரு கச்சைதான் எல்லாப் பரிசோதனைகளிலும் நாயை இருக்கையைவிட்டு எகிறாமல் நிறுத்தியது. குழந்தைகளுக்கான இருக்கைகளைச் சோதிக்க அந்நாட்டு அரசாங்கம் வகுத்துள்ள முறையைத் தழுவியே இச்சோதனைகள் அமைந்தன. 2015-ல் அதே நிறுவனம் கூண்டுகளையும் சோதித்தது. அப்போது வெறும் கம்பிகளாலும் மெல்லிய பிளாஸ்டிக்காலும் ஆன சாதாரணக் கூண்டுகளுக்கும், மோதலை எண்ணியே உருவாக்கப்பட்ட கூண்டுகளுக்கும் உள்ள தாரதம்மியம் தெளிவாக வெளிப்பட்டது.

இதில் வாங்குகிறவர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பிராணிகளுக்கான கூண்டுகள் இன்ன வலிமை உடையனவாய் இருக்க வேண்டும் என்று கார் மோதலை முன்னிட்டு வகுத்த அரசாங்கத் தரம் அமெரிக்காவிலேயே இல்லை. ஆகையால், 'மோதல் பரிசோதனை செய்யப்பட்டது' என்று பெட்டியின்மேல் அச்சிடுவது, பரிசோதனையில் தேறியது என்பதற்குச் சான்று ஆகாது. பரிசோதித்தவர் தயாரித்தவரேயா, வேறு சுதந்திரமான நிறுவனமா, எத்தனை கிலோ எடையை உள்ளே வைத்து, எந்த வேகத்தில், எந்தப் பட்டைகளால் கட்டிப் பரிசோதித்தார்கள் என்ற கேள்விகளுக்கு நேரான விடை கிடைத்தால் மட்டுமே அந்த வாசகத்துக்கு மதிப்பு உண்டு.

கூண்டுகளின் ஜாதிகள்

துணியாலும் இலேசான சட்டத்தாலும் ஆகிய மடக்குக் கூண்டு தூக்கிச் செல்ல மிகவும் சௌகரியமானது. தங்குமிடத்தில் நாய் படுத்துறங்கவும் ஏற்றது. ஓடும் வாகனத்தில் அது ஒரு திரைச்சீலைக்கு மேல் காப்பளிப்பதில்லை. இரும்புக் கம்பிகளால் பின்னிய மடக்குக் கூண்டு, நம் ஊர்க் கடைகளில் மிகுதியாகக் கிடைப்பது, வீட்டில் நாயைப் பழக்குவதற்கென்றே வந்தது. காற்றோட்டம் அதில் தாராளம். ஆனால் கடுமையான மோதலில் மூலைக் கொக்கிகள் கழன்று, கம்பிகள் வளைந்து அல்லது முறிந்து, உள்ளிருக்கும் பிராணியையே குத்திக் காயப்படுத்தும் அபாயம் அதற்கு உண்டு.

மேலும் கீழுமாக இரு பாதிகளைச் சேர்த்துச் செய்யும் பிளாஸ்டிக் கூண்டு, விமானப் பிரயாணத்தின் பொருட்டு அமைந்தது. சாமான்களுக்கிடையே நாயைப் பத்திரமாக வைத்திருக்க அது போதும். காரில் அதைப் பயன்படுத்த நேர்ந்தால், இரு பாதிகளையும் இணைக்கும் பிளாஸ்டிக் கவ்விகளை நீக்கிவிட்டு உலோகத் திருகாணிகளைப் போட்டு முறுக்கிக்கொள்வது நல்லது. மோதலில் முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் அந்த இணைப்பும் கதவும்தான்.

இவற்றுக்கு அப்பால், வாகனத்துக்கென்றே செய்யப்படுவன உள்ளன. தடித்த பிளாஸ்டிக்கை இரட்டைச் சுவராக ஒரே வார்ப்பில் வார்த்த கூண்டுகளை அமெரிக்காவில் 'கன்னர்' நிறுவனம் செய்கிறது; 2015-ஆம் ஆண்டுப் பரிசோதனையில் முதன்மை பெற்றது அவற்றுள் ஒன்றே. அலுமினியத் தகட்டால் செய்வோரும் உளர். அவை எடை குறைந்தவை, துருப்பிடியாதவை. சுவீடன் தேசத்தில் ட்ரோல்ஹெட்டன் நகரத்து 'மிம்' நிறுவனம் செய்யும் 'வேரியோகேஜ்' என்னும் எஃகுக் கூண்டோ வேறொரு தத்துவத்தைக் கடைப்பிடிக்கிறது. அதன் நீளத்தைக் குழாய்க்குள் குழாய் நுழைவதுபோலக் கூட்டவும் குறைக்கவும் முடியும். பின்னாலிருந்து வேறொரு வண்டி மோதினால், கூண்டும் காரின் பின்பகுதியோடு சேர்ந்து நீளத்தில் குறுகி, மோதலின் சக்தியைத் தான் வாங்கிக்கொள்கிறது. முன்மோதல், பின்மோதல், உயரத்திலிருந்து விழுதல் என்ற மூவகைச் சோதனைகளையும் அந்த நிறுவனத்தார் மேற்கொள்கிறார்கள்.

பின்மோதலைப் பற்றி இத்தனை கவலை ஏன் எனில், டிக்கியிருக்கும் பின்பகுதி நசுங்குவதற்காகவே கார்கள் அமைக்கப்பட்டுள்ளன. அது நசுங்கினால்தான் மனிதர் அமரும் பகுதி நசுங்காமல் தப்பும். அந்த இடத்தை முழுவதும் அடைத்துக்கொண்டு சிறிதும் விட்டுக்கொடுக்காத ஒரு பெட்டி நிற்குமானால், பின்னாலிருந்து வரும் தாக்குதலை அப்படியே பின் இருக்கையின் முதுகுக்குக் கடத்திவிடக்கூடும். அங்கே குழந்தைகள் உட்கார்ந்திருப்பார்கள் என்றால் இதன் முக்கியத்துவம் சொல்லாமலே விளங்கும். ஆகையால் டிக்கிக் கதவுக்கும் கூண்டுக்கும் நடுவே கொஞ்சமாவது இடைவெளி எஞ்சும்படி நீளத்தைத் தேர்ந்துகொள்வது விவேகம். பின்கதவு நசுங்கித் திறக்க முடியாமல் போகும் நிலையையும் எண்ண வேண்டும். இருக்கைப் பக்கமாக நாயை வெளியே எடுக்க ஓர் அவசர வாயில் உள்ள கூண்டு அத்தருணத்தில் உயிரைக் காக்கும்.

அளவு எடுத்தல்

கூண்டு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, நாயின்மேல் கொண்ட பிரியத்தால், உள்ளதில் பெரியதாகப் பார்த்து வாங்குவது. வீட்டில் வைக்கும் கூண்டுக்கு அது தகும். ஓடும் வாகனத்தில், விஸ்தாரமான கூண்டு என்பது நாயின் சரீரம் வேகத்தோடு சென்று சுவரில் மோதுவதற்கு அதிகத் தூரத்தை அளிப்பதேயாகும். கண்ணாடி வளையல்களைத் தூர தேசத்துக்கு அனுப்புகிற வியாபாரி, பெட்டிக்குள் அவை ஆடுவதற்கு இடம் வைக்காமல் நெருக்கி அடுக்குவதன் காரணமும் இதுதான். ஆனால் நாய் ஜீவனுள்ளது; நிமிர்ந்து நிற்கவும், ஒரு சுற்றுத் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் அதற்கு வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவான அளவைக் காண்பதே தேர்வின் சாரம்.

அதற்கு அளவு நாடா ஒன்று போதும். நாயைச் சமதரையில் இயல்பாக நிற்கவைத்து, மூக்கின் நுனியிலிருந்து வாலின் அடி வரையில் உள்ள நீளத்தையும், தரையிலிருந்து முன்கால் முழங்கை வரையில் உள்ள உயரத்தையும், உடம்பின் மிக அகன்ற இடத்து அகலத்தையும், தலையின் உச்சி அல்லது நிமிர்ந்த காதின் நுனி வரையில் உள்ள முழு உயரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமாகிய 'அயாட்டா'வின் விதிப்படி, கூண்டின் உள்நீளம் நாயின் நீளத்தோடு முழங்கை உயரத்தில் பாதியைக் கூட்டிய அளவும், அகலம் நாயின் அகலத்தைப்போல் இரு மடங்கும், உயரம் நாயின் முழு உயரத்துக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இதிலும் 10 சதவீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். உதாரணமாக, 90 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் முழங்கை உயரமும் உள்ள ஒரு நாய்க்கு 110 சென்டிமீட்டர் நீளமுள்ள விமானக் கூண்டு வேண்டும்.

சாலைக்கு இது சற்று அதிகம். நாயின் நீளத்தைவிடக் கூண்டின் நீளம் 15 சென்டிமீட்டருக்கு மேல் மிகாமல் இருப்பது பத்திரம் என்பது பரிசோதனை நடத்தியவர்களின் ஆலோசனை. அதன்படி மேற்சொன்ன நாய்க்கு 105 சென்டிமீட்டரே மேலெல்லை. விமானத்துக்கு என வாங்கிய கூண்டையே சாலைக்கும் பயன்படுத்துகிறவர்கள் இந்த வேற்றுமையை நினைவில் வைக்க வேண்டும். குட்டிக்குப் பெரிய கூண்டை வாங்கி, வளர்ந்த பிறகு சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறவர்கள், வளரும் வரையிலாவது உள்ளே உறுதியான தடுப்புப் பலகை ஒன்றைப் பொருத்தி இடத்தைச் சுருக்க வேண்டும்.

கடைகளில் கூண்டுகளை 'இத்தனை கிலோ நாய்க்கு' என்று எடையை வைத்து வகைப்படுத்துவது உண்டு. நம் நாட்டு நாய்களைப் பொறுத்தவரை இது மிகவும் ஏமாற்றும். சிப்பிப்பாறை, கன்னி முதலிய வேட்டை நாய்கள் நெடிய கால்களும் ஆழ்ந்த மார்பும் ஒட்டிய வயிறும் உடையன. அவற்றின் எடையை வைத்து வாங்கிய கூண்டில் அவற்றால் தலைநிமிர்ந்து நிற்கவே இயலாது. ராஜபாளையம் நாயின் உயரமும் அத்தகையதே. இவற்றை வளர்க்கிறவர்கள் எடைக் கணக்கை ஒதுக்கிவிட்டு, நாடாவின் கணக்கையே நம்ப வேண்டும். எடை வரம்பை வேறொரு காரணத்துக்காகப் பார்க்க வேண்டும்: எத்தனை கிலோ வரையில் அக்கூண்டு பரிசோதிக்கப்பட்டதோ, அதற்கு மேற்பட்ட எடையுள்ள நாயை அதில் வைத்தால் அந்தப் பரிசோதனைக்குப் பொருள் இல்லாமல் போகிறது.

வாங்கப் போவதற்கு முன் காரையும் அளக்க வேண்டும். டிக்கியின் தரையளவு மட்டும் போதாது; சரிந்து இறங்கும் பின்கண்ணாடி, சக்கரத்தின் மேலே புடைத்திருக்கும் பகுதி, கதவு மூடுகிற வளைவு ஆகியன கூண்டின் மேல்மூலைகளைத் தடுக்கும். செடான் காரின் மூடிய டிக்கியில் எக்காரணத்தைக் கொண்டும் நாயை வைக்கலாகாது. அங்கே காற்றும் இல்லை, நம் பார்வையும் செல்லாது. அப்படிப்பட்ட காரில், பின் இருக்கையில் பொருந்தக்கூடிய கூண்டோ, தேர்ந்த வார்க்கச்சையோதான் வழி.

வைக்கும் இடமும் கட்டும் முறையும்

எத்தனை உயர்ந்த கூண்டானாலும், காரோடு கட்டப்படாவிட்டால் அது நாயோடு சேர்ந்து பறக்கும் இன்னும் பெரிய எறிபொருளாக ஆகிவிடும். இதைப் பல குடும்பங்கள் உணர்வதில்லை. கூண்டுக்குப் பல்லாயிரம் ரூபாய் கொடுத்தவர்கள், அதைக் கட்டும் பட்டைக்குச் சில நூறு ரூபாய் செலவிடத் தயங்குகிறார்கள். பின்பகுதி திறந்த ஹாட்ச்பேக் முதலிய கார்களில், பின் இருக்கையின் முதுகை நிமிர்த்தி நன்றாகப் பூட்டி, அதன்மேல் இடைவெளியின்றிச் சாயும்படி கூண்டை வைத்து, காரின் தரையில் உற்பத்தியாளரே பொருத்தியிருக்கும் உலோக வளையங்களுடன் பட்டைகளால் இறுக்கிக் கட்ட வேண்டும். எத்தனை கிலோ இழுவையைத் தாங்கும் என்று குறிக்கப்பட்ட, லாரிச் சாமான்களைக் கட்டப் பயன்படும் வகைப் பட்டையாக அது இருக்க வேண்டும். நீண்டு சுருங்கும் ரப்பர் கயிறு இதற்கு உதவாது. நீளும் தன்மையே அதன் குற்றம். கட்டிய பிறகு இரு கைகளாலும் கூண்டைப் பிடித்து உலுக்கினால், கூண்டோடு காரும் அசைய வேண்டும். கூண்டு தனியாக அசைந்தால் கட்டு போதாது.

சின்ன நாய்களைக் கொண்டுபோகும் கைப்பெட்டிகளின்மேல் சீட் பெல்ட்டைக் குறுக்கே போட்டுவிட்டுத் திருப்தியடைவோர் பலர். அதற்கென்றே அமைத்துச் சோதிக்கப்படாத பெட்டியை அப்படிக் கட்டினால், மோதலின்போது பெல்ட்டுக்கும் நாயின் வேகத்துக்கும் நடுவே பெட்டி நொறுங்கிவிடக்கூடும். அத்தகைய பெட்டியை முன் இருக்கைக்குப் பின்னால், தரையில், அசையாதபடி பொருத்தி வைப்பது மேல். முன் இருக்கையோ எவ்வகையிலும் நாய்க்கு உரியதன்று. மனித உடலின் அளவை எண்ணி அமைத்த ஏர்பேக் கணநேரத்தில் விரியும் விசை, நாய்க்குப் பிராணாபாயமாக முடியும்.

பெரிய மோதல் ஒன்றைத் தாங்கிய கூண்டு, வெளிக்கு எந்தச் சேதமும் தெரியாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தத் தகாதது. அதன் வலிமை அந்த ஒரு தடவைக்குச் செலவாகிவிட்டது என்று கொண்டு புதியது வாங்க வேண்டும்.

உஷ்ணமும் காற்றும்

மேல்நாட்டார் மோதலுக்கு அஞ்சுமளவுக்கு நம்மவர் உஷ்ணத்துக்கும் அஞ்ச வேண்டும். மனிதனைப்போல் உடம்பெல்லாம் வியர்த்துக் குளிரும் சக்தி நாய்க்கு இல்லை. நாவை நீட்டி மூச்சிரைத்து, அதனால் ஆவியாகும் ஈரத்தாலேயே அது தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்கிறது. 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரையில் இருக்க வேண்டிய அதன் உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே மோசம். காற்றோட்டமில்லாத கூண்டில், தான் விட்ட ஈரமூச்சையே அது மீண்டும் சுவாசிக்க நேரும்போது இந்தக் குளிர்ச்சி முறை பலனற்றுப்போகிறது. எனவே எதிரெதிர்ப் பக்கங்களிலாவது, முடிந்தால் நான்கு பக்கங்களிலும், துவாரங்கள் உள்ள கூண்டையே தேர்ந்தெடுக்க வேண்டும். மூக்கோ பாதமோ வெளியே நீண்டு சிக்கிக்கொள்ளாத அளவில் அத்துவாரங்கள் இருக்க வேண்டும். முன்பக்கத்து ஏ.சி. காற்று டிக்கிவரை வருகிறதா என்பதை, நாயை ஏற்றுவதற்கு முன்னால் ஒருவர் பின்னால் கைவைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது நலம். உலோகக் கூண்டின்மேல் வெயில் நேராக விழாதபடி ஜன்னலுக்குத் திரை வேண்டும்.

வெயிலில் நிறுத்தி மூடிய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது என்றும், அந்த ஏற்றத்தில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்றும், ஜன்னலைச் சிறிது இறக்கி வைப்பதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்றும் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2005-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு நிரூபித்தது. வெளியே 35 டிகிரி இருக்கும் நம் ஊர்ப் பிற்பகலில் இதன் பொருள் என்ன என்று கணக்கிட்டுப் பாருங்கள். சாப்பாட்டுக்கு ஹோட்டலில் இறங்கும்போது, கூண்டில்தானே இருக்கிறது என்று நாயைக் காரிலேயே பூட்டிச் செல்வது, எந்தக் கூண்டும் காக்க முடியாத ஆபத்து.

பழக்கமும் பராமரிப்பும்

கூண்டு வந்த அன்றே நாயை அதில் தள்ளிக் கதவைச் சாத்திப் பிரயாணம் புறப்படுவது கொடுமை. அது வீட்டின் ஒரு மூலையில், கதவு திறந்தபடி, நாய்க்குப் பழகிய விரிப்போடு சில நாட்கள் இருக்கட்டும். உணவை உள்ளேயே வையுங்கள். தானாக நுழைந்து படுக்கத் தொடங்கிய பிறகு சிறிது நேரம் கதவைச் சாத்தி, அருகிலேயே இருங்கள். அடுத்து, நிறுத்திய காரில் கூண்டை வைத்துப் பழக்கி, பிறகு எஞ்சினை ஓடவிட்டு, பிறகு தெருக்கோடி வரை சென்று திரும்பி, படிப்படியாகத் தூரத்தைக் கூட்டலாம். இவ்விதம் பழகிய நாய் கூண்டைத் தன் அறையாகவே கருதி, பிரயாணம் முழுவதும் உறங்கும். குட்டிகளுக்கு உட்செவியின் சமநிலை உறுப்பு முதிராமையால் வாந்தி வருவது இயல்பு. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே இலேசான உணவை முடித்துவிட வேண்டும். மயக்க மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்லாமல் தாமாகக் கொடுக்கலாகாது. அது நாயின் நிலைகொள்ளும் ஆற்றலையும், உஷ்ணத்தைச் சமன் செய்யும் ஆற்றலையும் கெடுக்கக்கூடியது.

கூண்டின் தரையில் வழுக்காத ரப்பர் விரிப்பு வேண்டும். கழுத்துச் சங்கிலியையும் இழுகயிற்றையும் உள்ளே விடுமுன் கழற்றிவிட வேண்டும். அவை கம்பியில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கூண்டின் வெளிப்புறத்தில் ஒட்டி வைத்தால், நாம் பேச முடியாத நிலையில் கிடந்தாலும் அது நமக்காகப் பேசும்.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. அவசியமற்ற வேதனையை உண்டாக்கும் விதத்தில் ஒரு பிராணியை வாகனத்தில் ஏற்றிச் செல்வது, 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி குற்றம். அதன் கீழ் 1978-ல் இயற்றப்பட்ட பிராணிகள் போக்குவரத்து விதிகள், நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனி அத்தியாயமே வகுத்து, நெடும்பிரயாணத்தில் கோடையில் 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் குளிர்காலத்தில் 6 மணி நேரத்துக்கு ஒரு முறையும் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றும், வளர்ந்த நாய்க்கு 12 மணி நேரத்துக்கு ஒரு முறையும் குட்டிக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறையும் உணவளிக்க வேண்டும் என்றும், நிறைசினையான நாயை ஏற்றலாகாது என்றும் கட்டளையிடுகின்றன. பிரிட்டனின் சாலை விதி நூல், நாய் ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்காதபடியும், திடீரென வண்டி நின்றால் தனக்கோ பிறருக்கோ காயம் விளைவிக்காதபடியும் கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்று தன் 57-ஆம் விதியில் சொல்லி, அதற்குரிய சாதனங்களில் கூண்டையும் பெயர் குறித்துச் சேர்த்திருக்கிறது.

விலை உயர்ந்த வெளிநாட்டுக் கூண்டு எல்லோருக்கும் எட்டுவதன்று. எட்டாதவர்கள் மனம் தளர வேண்டியதுமில்லை. நாயின் அளவுக்குப் பொருந்திய, உலோகத் திருகாணிகளால் இறுகிய, நாற்புறமும் காற்று வரும் ஒரு நடுத்தரக் கூண்டை, பின் இருக்கையின் முதுகோடு அணைத்து, தக்க பட்டைகளால் காரோடு பிணைத்து வைத்தால், இன்று நம் சாலைகளில் கட்டின்றிப் பிரயாணம் செய்யும் நாய்களைக் காட்டிலும் பன்மடங்கு பத்திரமாக அந்த நாய் ஊர் போய்ச் சேரும். பணம் உள்ளவர்கள் முறையாகச் சோதிக்கப்பட்ட கூண்டையே வாங்கட்டும். எவ்வகைக் கூண்டானாலும், அடுத்த பிரயாணத்துக்கு முன் நாயை ஒரு தரமும் காரை ஒரு தரமும் அளந்து, கட்டும் பட்டையைச் சேர்த்து வாங்குங்கள். தன் உயிரைக் காத்துக்கொள்ள ஒரு பெல்ட்டைக்கூடத் தானே போட்டுக்கொள்ள இயலாத அந்தப் பிராணிக்கு, அதை ஏற்றிச் செல்கிறவர் செய்ய வேண்டிய முதற்கடமை இதுவே.